மோட்ச வாசலும் மிங்கலாடோன் வண்டிப் பாதையும்

ரங்கூனுக்குப் போகிறவர்கள் சம்பாதிக்கப் போவார்கள், அல்லது சம்பாதிக்கப் போனவனைத் தேடிக்கொண்டு போவார்கள். நான் போன மாசியில் போனது இந்த இரண்டுக்கும் இல்லை. நான் செய்த ஒரு மடத்தனத்துக்குப் பரிகாரம் தேடப் போனேன். அதைச் சொல்லாமல் கப்பல் கட்டணத்தையும் ரயில் நேரத்தையும் மட்டும் எழுதினால் வாசகர்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு மனசு கேட்காது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கட்டணம் மட்டும் வேண்டுமென்பவர்கள் நடுவில் கொஞ்சம் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு அச்சுக்கூடத்தில் பிழை திருத்துவது என் உத்தியோகம். அதற்கு முன் குருமடத்தில் ஐந்து வருஷம் இருந்து, சாமியாராக நாம் லாயக்கில்லை என்று வெளியே வந்தவன். அங்கே மிஞ்சியது லத்தீன் ஒன்றுதான். அந்த லத்தீனை நம்பி, எங்கள் அச்சுக்கூடத்துப் பெரிய சுவாமியார் ஒரு பழைய பாட்டைத் தமிழில் செய்யச் சொல்லிக் கையில் கொடுத்தார். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மடத்துத் துறவி எழுதியது, பெயர் போடவில்லை. தூங்கிப்போன துறவியை ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன், கையைப் பிடித்து மோட்சத்துக்கு அழைத்துப் போகிறது. அந்தக் காலத்தில் அந்தத் தேசங்களில் இப்படி மோட்சத்தைக் கண்டதாகப் பாடுவது ஒரு வழக்கம். ரத்தின மதில், முத்துக் கதவு, வாடாத பூ, இருட்டாத பகல், ஒன்பது வரிசைச் சம்மனசுகளின் பாட்டு, ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சுழலும் வானங்கள் எல்லாம் வரும். கடைசியில் ஆண்டவரின் முகத்துக்குக் கிட்டே போனதும் வாய் அடைத்துவிட்டது என்று பாட்டை முடித்துவிடுவார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு இடம். மோட்சத்திலும் மேல்படி கீழ்ப்படி உண்டாம். துறவி கீழ்ப்படியில் இருக்கிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு மேலே போக ஆசை இல்லையா என்று கேட்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். சின்னச் செம்பும் பெரிய குடமும் விளிம்புவரை நிறைந்தபின் எதற்கு என்ன குறை என்கிறார்கள். இதையெல்லாம் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, ரங்கூனில் இருக்கும் என் தங்கை ஆரோக்கியத்துக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் சவரிமுத்து இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டர். அவளுக்குப் பாட்டென்றால் உயிர்.

ஐப்பசியில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்தில் தவறிவிட்டது, ஞானஸ்நானம் ஆயிற்று, கோவில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம் என்று மூன்று வரி. கலியாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த குழந்தை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்ற சிசு நேரே மோட்சத்துக்குப் போகும் என்பது வேதம், நம்மிடம்தான் மோட்சப் பாட்டு இருக்கிறதே என்று, அடுத்த நாற்பது செய்யுளையும் படியெடுத்து அனுப்பிவைத்தேன். பிழை திருத்துகிறவன் புத்தி எப்படிப்பட்டது தெரியுமோ? ஒரு வரியை விட்டுவிட்டால் சோறு இறங்காது. அந்த நாற்பதில் ஒன்று இது:

நீரால் நனையா நெற்றிச் சிறார்க்கு
வாயிலின் புறத்தே வைகறை மட்டும்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகள் மோட்ச வாசலுக்கு வெளியே, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இருப்பார்கள் என்று அர்த்தம். துறவிகள் லிம்போ என்று சொல்லுகிற இடம். எந்தத் தாயிடம் இதைக் காட்டுகிறோம் என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை. அதற்குப்பின் அவளிடமிருந்து கடிதமே இல்லை. தை பிறந்து மாப்பிள்ளைதான் எழுதினார். "ஆரோக்கியம் கோவிலுக்கு வருவதில்லை. சாப்பாடும் சரியில்லை. உங்கள் பாட்டுக் காகிதம் ஒன்றை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் காட்டுவதில்லை. மச்சான் ஒருதரம் வந்துபோனால் நல்லது." கடிதத்தைப் படித்ததும் ஒரு மாத ரஜா எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில். துறைமுகத்தில் டாக்டர் பரிசோதனை, கையைப் பார்த்து அம்மைப்பால் தழும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பத்துக்குப் போனால் வெயிலில் வேகவேண்டும். டெக் சீட்டு பதினைந்து ரூபாய். டெக் என்றால் வெறும் மேல்தட்டு, படுக்க இடம் நீங்களே பிடிக்கவேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் சூடாக இருக்கிறதே என்று நான் பாயை விரித்தேன். புத்திசாலி! இரண்டு நாள் எண்ணெய் வாடையில் குடலே வெளியே வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் ஒரு டஜன் கொண்டுபோங்கள். நாலாம் நாள் காலையில் கடல் தண்ணீர் பழுப்பாக மாறியது. ஆற்றுக்குள் வந்துவிட்டோம் என்றார்கள்.

ஆற்றில் மேலே போகப் போக, தூரத்தில் பெரிய புத்தர் கோவிலின் பொன் கூம்பு தெரிந்தது. காலை வெயிலில் அது கண்ணைப் பறித்தது. டெக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். என் துறவி கண்ணாடிபோலத் தெளிந்த பொன்னால் ஆன நகரம் என்று எழுதியிருந்ததைத் தமிழில் கொண்டுவர நான் ஒன்பது நாள் முட்டிக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்கள் அதைச் செங்கல் வைத்துக் கட்டியே முடித்திருக்கிறார்கள். வேற்று மதக் கோவில் என்று கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை, நன்றாகவே பார்த்தேன்.

இறங்கினதும் கை ரிக்ஷாவுக்கு ஸ்டேஷன்வரை ஆறணா கொடுத்தேன், நாலணாவே போதும் என்று பிறகு தெரிந்தது. இன்சீன் ஒன்பது மைல். மூன்றாம் வகுப்பு மூன்றணா, நாற்பது நிமிஷம். வலதுபக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், கரிப்பொடி எல்லாம் அந்தப் பக்கம்தான் வருகிறது. மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் திரும்பவேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். பட்டறை ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு.

ஆரோக்கியம் என்னைப் பார்த்து அழவில்லை. "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். ஆள் பாதியாக இருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போனதும், நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆச்சுன்னு கார்டு வந்துதே. அப்புறம் ஏம்மா அந்தப் பாட்டை வச்சுக்கிட்டு மருகுறே?"

அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்து அணைத்தாள். பிறகு மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் அவளும் மருத்துவச்சியும்தான். மருத்துவச்சி டோ மியா ஒரு பர்மாக்காரி, புத்த மதம். டோ என்பது பெரிய மனுஷிகளுக்கு அங்கே போடும் மரியாதைச் சொல். குழந்தை நீலம் பாய்ந்து பிறந்தது. டோ மியா அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்து, தலையில் எதையோ ஊற்றி, பர்மியப் பாஷையில் முணுமுணுத்தாள். மயக்கத்தில் கிடந்த இவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"அவ 'ஞானஸ்நானம் ஆச்சு'ன்னு இவருகிட்ட சொல்லியிருக்கா. இவரு சாமியார்கிட்ட சொல்லிட்டாரு. ஆனா நான் பாத்தேண்ணே. கட்டில்கிட்ட ரெண்டு செம்பு இருந்துது. ஒண்ணு வெந்நீர், ஒண்ணு எனக்கு வடிச்சு வச்ச கஞ்சித் தண்ணி. பிள்ளையை எங்கிட்ட குடுத்தப்ப நெத்தியில வெள்ளையா ஒட்டியிருந்துது. அது கஞ்சிதானே? கஞ்சியில குடுத்தா செல்லாதுன்னு ஞானோபதேசத்துல படிச்சிருக்கோமே. அவ பேசினதும் பர்மா மந்திரம். எம் பிள்ளை வெளியதான் நிக்குது. சாமியாருக்குத் தெரிஞ்சா அந்தக் கல்லறைத் தோட்டத்துல இருந்தும் தோண்டி எடுத்துருவாங்க."

நாலு மாசமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அதற்கு மேலே என் பாட்டு வேறு போய்ச் சேர்ந்திருக்கிறது! எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

"அடி அசடே," என்றேன், "ஆபத்துக்கு யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். புத்த மதக்காரி குடுத்தாலும் செல்லும். குருமடத்துல முதல் வருஷமே சொல்லிக் குடுத்தாங்க. தண்ணியும் வார்த்தையும் சரியா இருக்கணும், அவ்வளவுதான்."

"அந்த ரெண்டும்தானே எனக்குத் தெரியல" என்றாள்.

"டோ மியாவைக் கேட்டுட்டாப் போச்சு."

"கேட்டு, கஞ்சிதான்னு சொல்லிட்டான்னா?"

கேட்காதவரையில் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருக்கிறது, அதையும் தொலைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு நாள் கெஞ்சினேன், அதட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். டோ மியா மிங்கலாடோனில் மகள் வீட்டில் இருந்தாள், மகளுக்குப் பிரசவ சமயம்.

இன்சீன் கடைத்தெருவில் குதிரை வண்டிகள் நிற்கும். செல்லையா என்று ஒரு வண்டிக்காரர், அந்த ஊரிலேயே பிறந்தவர்.

"மிங்கலாடோன் எவ்வளவு தூரம்?"

"ஏழு மைலுங்க ஸயா. போக வர மூணு ரூவா." ஸயா என்றால் அங்கே வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் படித்தவன்போலத் தோன்றுகிற எவனுக்கும் பொது.

"அஞ்சு மைல்னுதானே சொன்னாங்க?"

"அஞ்சு மைல் பறக்கற காக்காய்க்குங்க. ரோடு வளைஞ்சில்ல போவுது?"

இரண்டரை ரூபாய்க்கு முடிந்தது. எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டமும் மூங்கிலும். முதுகு நோய் உள்ளவர்கள் ஒரு தலையணை எடுத்துக்கொள்ளவும். ஆரோக்கியம் வழியெல்லாம் கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாளே தவிர மணி நகரவில்லை.

டோ மியா மூங்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசிருக்கும், கையில் சுருட்டு. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து ஆரோக்கியத்தின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து மூக்கால் உறிஞ்சினாள். பர்மாக்காரர்கள் முத்தம் கொடுப்பது அப்படித்தான், முகர்வதுதான் முத்தம். நான் குருமடத்துப் பரீட்சைபோல வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். லைன் வீடுகளில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவளாதலால் அவளுக்குத் தமிழ் வரும்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கப்போ கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரியிலே வேலை," என்றாள். "பிள்ளை போற மாதிரி இருந்தா தண்ணி ஊத்து, இப்படிச் சொல்லுன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. நான் புத்தரைக் கும்புடறவ. ஆனா அம்மா கிறிஸ்தவங்க, பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளை. அவங்க வழியிலே அனுப்பணும் இல்லே?"

"என்ன சொன்னீங்க? எந்தப் பாஷையிலே?"

அவள் சுருட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று ஒரு பெயர் விடாமல், ஞானஸ்நானம் கொடுக்கிற வாக்கியத்தை அழகான தமிழில் சொன்னாள். அச்சுக்கோக்கிறவர்கள் இவ்வளவு சுத்தமாக ஒரு வரி கோத்து நான் பார்த்ததில்லை.

"பர்மா பாஷையிலே பேசினீங்களே, நான் கேட்டேனே" என்றாள் ஆரோக்கியம்.

"ஹொக்கே, ஆமா, அது அப்புறம்மா. பிள்ளைகிட்ட பேசினேன். பயப்படாதே, நேரே போ, அம்மாவை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் ஆரோக்கியமே கேட்டுவிட்டாள். "எந்தச் செம்பு? நெத்தியில வெள்ளையா இருந்துதே. கஞ்சியா?"

டோ மியா திகைத்துப்போய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு, தன் கன்னத்தை விரலால் வழித்துக் காட்டினாள். விரலில் வெள்ளையாகத் தனகா. பர்மியப் பெண்கள் ஒரு மரத்தின் பட்டையைக் கல்லில் இழைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் சாந்து அது. "தண்ணி ஊத்தி முடிச்சு, பிள்ளையை முத்தம் குடுத்தேன். ஈரம் இல்லே? இது ஒட்டிக்கிச்சு. கஞ்சியா? ஐயோ, கஞ்சியை நீ முன்னாலேயே குடிச்சுட்டே, செம்பை நான்தானே கழுவி வச்சேன்! வலியிலே உனக்கு நெனப்பில்லே."

ஆரோக்கியம் அப்படியே அவள் மடியில் விழுந்து, நாலு மாசத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். நான் எழுந்து வேலியோரம் போய் நின்றேன். செல்லையா ஓடிவந்து, "என்னங்க ஸயா, யாருக்கு என்ன?" என்று பதறினார். "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் நல்ல சேதி" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வண்டிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். டோ மியாவின் மகள் இடியாப்பம்போன்ற அரிசி நூலில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா கொடுத்தாள். என் தங்கை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள், நான் பார்த்தேன்.

புறப்படும்போது டோ மியா ஒரு மாதிரி தயங்கினாள். "ஒரு தப்புப் பண்ணினேன்மா. பேர் வைக்கணும்னு கன்னியாஸ்திரி சொன்னாங்க. எனக்கு அந்த அவசரத்திலே கிறிஸ்தவப் பேரு ஒண்ணும் வரலே. உன் பேருதான் வந்திச்சு. ஆரோக்கியம்னு வச்சுட்டேன். கோவிச்சுக்காதே."

ஆரோக்கியம் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தப் பெயரை மெல்ல இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பெயர் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் சாமியாரைப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். நல்ல தண்ணீரா, தலையில் ஓடிற்றா, ஊற்றும்போதே வார்த்தை சொன்னாளா, திருச்சபை செய்கிறதைத்தான் தானும் செய்ய நினைத்தாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். "நாலு மாசமா இதை வயித்துல வச்சுக்கிட்டா இருந்தே, பைத்தியக்காரப் பெண்ணே? ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே" என்று கடிந்துகொண்டு, பெரிய புத்தகத்தைத் திறந்தார். பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் ஆரோக்கியம் என்று எழுதினார். கொடுத்தவர் யார் என்ற கட்டத்தில் டோ மியா, மருத்துவச்சி என்று எழுதி, மை உலர ஊதினார். மாப்பிள்ளை வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானம், நான் கேட்காமலே, ஆரோக்கியம் தலையணை உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மற்றக் காகிதங்களோடு கொண்டுவந்து, மற்றச் செய்யுள்களைப் படிக்கச் சொன்னாள். முத்துக் கதவு, பாட்டு, பூ எல்லாவற்றையும் கேட்டாள். செம்பும் குடமும் வரும் இடத்தில், "இவ சின்னச் செம்பா இருப்பா" என்று சிரித்தாள்.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். மாசி பங்குனிதான் நல்ல காலம், ஆனியில் போனால் மழையில் பாயும் துணியும் நாறிப்போகும். ரங்கூன் ஊருக்குள் டிராம் இருக்கிறது, ரிக்ஷா வேண்டாம். பெரிய புத்தர் கோவிலில் படிக்கட்டுத் தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றவேண்டும், கல் சுடும், காலையில் போய்விடுங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு படி முறுக்கு கொண்டுபோங்கள், அங்கே எல்லாம் கிடைத்தாலும் அது மட்டும் சரியாக வருவதில்லை. பிரசவ வீட்டுக்கு மட்டும் தயவுசெய்து பாட்டு அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் தீருவேன் என்றால் ஒன்றிரண்டு செய்யுளை விட்டுவிட்டு அனுப்புங்கள், பாவமில்லை.

கப்பல் காலை பத்து மணிக்கு. தங்கையும் மாப்பிள்ளையும் துறைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மூட்டையைக் கொடுக்க முன்னே போனதும், ஆரோக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, உங்க பாட்டுத் துறவி கண்ட மோட்சத்துல டோ மியாவுக்கு எந்தப் படி?"

மனசுக்குள் பாட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வரிசைச் சம்மனசு, அப்போஸ்தலர், வேதசாட்சிகள், துறவிகள், விதவைகள் எல்லாரும் இருக்கிறார்கள். பிள்ளையின் நெற்றியை நனைத்து உள்ளே அனுப்பிய புத்த மதக் கிழவிக்கு அந்தப் பாட்டில் ஓரிடமும் இல்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாட்டுல இல்லம்மா" என்றேன்.

"இல்லாட்டிப் போகுது," என்றாள் என் தங்கை. "எம் பொண்ணு உள்ளதானே இருக்கா? தன்னைத் தூக்கி உள்ள விட்டவ வெளிய நின்னா அவ பாத்துக்கிட்டு இருப்பாளா? எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா. உங்க துறவியை வேணும்னா கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லுங்க."